சாதித்தால்தான் பட்டுச் சேலையா?



இதை எழுதலாமா வேண்டாமா என்று நீண்ட நாளாக எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. இதில் என் குடும்பத்துக் கதை இருக்கிறது. ஓர் ஆசிரியையாக நான் செய்த தவறும் இருக்கிறது. தன் தவற்றை மூடி வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு மட்டும் நேர்மையைப் போதிப்பது முறையன்று என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன்.

சின்னம்மாவின் தையல் இயந்திரம்

தம்பின் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். இன்று அந்த நிலமெங்கும் செம்பனை நிற்கிறது. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும், தீபாவளிக்கு முந்திய மாதம் முழுவதும் எங்கள் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து நள்ளிரவு வரை கேட்கும் தையல் இயந்திரத்தின் ஓசை இன்னும் என் காதுகளை விட்டு அகலவில்லை. அது என் சின்னம்மாவின் இயந்திரம்.

தோட்டத்தில் மற்ற வீடுகளில் இருந்தவை காலால் மிதிக்கும் இயந்திரங்கள். சின்னம்மாவினுடையது கையால் சுற்றும் பழைய சிங்கர். வலக்கை சக்கரத்தைச் சுற்றும். இடக்கை துணியை நகர்த்தும். 1964-இல், மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடக்கால் சூம்பிப் போயிற்று. நம் நாட்டில் குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்துத் திட்டம் வந்ததோ 1972-இல்தான். அந்த எட்டு ஆண்டு இடைவெளியில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகளுள் சின்னம்மாவும் ஒருவர். தொடை முதல் பாதம் வரை இருபுறமும் இரும்புக் கம்பி, இடையிடையே தோல் பட்டை, அடியில் கனத்த சப்பாத்து. இவற்றோடுதான் அவர் நடந்தார்.

தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரின் உடலளவும் அவருக்கு மனப்பாடம். யார் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள், யார் பிள்ளை உண்டாகியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கிராணி வீட்டுக்குத் தெரியும் முன் அவருடைய அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடும். மணப்பெண்ணின் இரவிக்கை முதல் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுக்கும் பையனின் மஞ்சள் வேட்டிக் கரை வரை அவர் கை படாத துணி அந்தத் தோட்டத்தில் இல்லை.

ஆனால், அவர் தமக்கென்று தைத்துக்கொண்டவை மூன்றே நிறங்களில் இருந்தன. சாம்பல், காப்பிக்கொட்டை நிறம், கருநீலம். எல்லாமே தரையைக் கூட்டும் நீளம். சப்பாத்து நுனிகூட வெளியே தெரியக்கூடாது என்பது பாட்டியின் கட்டளை. இரும்புக் கம்பியின் மூட்டில் சிக்கிப் பாவாடையின் இடப்பக்கம் மாதத்திற்கு ஒருமுறையாவது கிழியும். அதைத் தைத்துத் தைத்தே அவர் தையல் கற்றுக்கொண்டார் என்று அம்மா சொல்வார்.

பாட்டி கொடுமைக்காரர் அல்லர். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் முன் சின்னம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கைகள் அவருடையவை. "நாலு பேரு பாத்துச் சிரிக்கக் கூடாது" என்பதுதான் அவருடைய ஒரே அச்சம். அந்த அச்சத்தால், சின்னம்மா பெரிய மனுசியான சடங்கின்போது வலக்காலுக்கு மட்டும் கொலுசு போட்டார்கள். இரும்பு பூட்டிய காலுக்குக் கொலுசு எதற்கு? இணையில் மற்றொன்று வீணாகக் கிடக்கிறதே என்று அடகுக்கடைக்குப் போயிற்று. அது திரும்பி வரவேயில்லை.

1986 வாக்கில், எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, தம்பின் பட்டணத்திலிருந்து யாரோ ஒரு வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். 'மயூரி' என்ற படம். தெலுங்கில் எடுத்துத் தமிழில் குரல் மாற்றி வெளியிட்டது. லயமே ஒரு வீட்டின் முன் கூடிவிட்டது. 1981-இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்துக்குப்பின் வலக்காலை இழந்த சுதா சந்திரன் என்னும் பரதநாட்டியக் கலைஞர், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறிய உண்மைக் கதை அது. அவரே அதில் நடித்திருந்தார். படம் முடிந்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சின்னம்மா அழவில்லை. மறுநாள் காலை, பாட்டியிடம் மெல்லக் கேட்டார்:

"அம்மா, இந்தத் தீவாளிக்கு எனக்கும் ஒரு மயில்கழுத்துக் கலர்ல பட்டு எடுத்துக் குடேன்."

பாட்டி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்ன பதில் இது:

"அவ மேடையேறி ஆடிக் காட்டுனா. நீ என்னத்தக் காட்டுன?"

நான் அங்கேதான் நின்றேன். அந்தக் கேள்வியில் இருந்த அநீதி அன்று எனக்கு விளங்கவில்லை. சொல்லப்போனால், பாட்டி சொன்னது சரி என்றே நினைத்தேன். அதை உணர எனக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

"எனக்கு மட்டும் ஏன் நீளப் பாவாடை?"

2018-ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. கலைநிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது. நான்காம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். ஆறு வயதில், தந்தையின் மோட்டார் சைக்கிளில் போகும்போது நேர்ந்த விபத்தில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். செயற்கைக் காலுடன் பள்ளிக்கு வருவாள். கணீரென்ற குரல், தெளிவான உச்சரிப்பு, ழகரம் பிசகாது. நிகழ்ச்சி அறிவிப்பாளராக அவளைத் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கோலாட்டப் பிள்ளைகளுக்கும் அறிவிப்பாளருக்கும் ஒரே மாதிரிப் பச்சைப் பாவாடை, சிவப்புச் சட்டை. கோலாட்டத்திற்கு வசதியாகக் கெண்டைக்கால் அளவுக்குப் பாவாடை தைக்கச் சொல்லியிருந்தேன். அவளுக்கு மட்டும் தரை தொடும் நீளம். ஒலிவாங்கியையும் மேடையின் ஓரத்தில், திரைச்சீலை பாதி மறைக்கும் இடத்தில் வைக்க ஏற்பாடு செய்தேன். இவற்றையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே செய்தேன், அன்பு என்று நினைத்தே செய்தேன்.

ஒத்திகை நாளில் துணியளவு எடுக்கும்போது அவள் கேட்டாள்:

"டீச்சர், எனக்கு மட்டும் ஏன் நீளப் பாவாடை?"

"உனக்கு அதுதாம்மா அழகா இருக்கும்."

அவள் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிர்ந்து, "காலு தெரியக்கூடாதுன்னா சொல்லிடுங்க டீச்சர். நான் மேடைக்கே வரல" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளை. குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. இருபது ஆண்டு ஆசிரியப் பணியில், பாட்டியின் கட்டளையை நான் ஒரு சொல் பிசகாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நொண்டி என்று சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டோம். ஊனமுற்றோர் என்றோம். 2010-இல் தமிழ்நாட்டரசு மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை ஏற்றதும் நாமும் அதை எடுத்துக்கொண்டோம். பெயரை மாற்றினோம், பாவாடையின் நீளத்தை மாற்றவில்லை.

அன்று மாலை துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சின்னம்மாவின் தாமான் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சிரித்தார்.

"நாப்பது வருசத்துக்கு மேல மூடி மூடித்தான் தச்சேன். இந்தத் தோட்டத்துல எனக்குக் காலு சரியில்லன்னு தெரியாதவங்க யாராச்சும் இருந்தாங்களா, சொல்லு பாப்பா? எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ண நான் யாருகிட்டருந்து மறைச்சேன்?"

என்னிடம் பதில் இல்லை. பாவாடைத் துணியை வாங்கி மேசையில் விரித்தார். "அந்தப் புள்ளய நேர்ல கூட்டிட்டு வா. என்ன வேணும்னு அதுகிட்ட கேட்டுத்தான் வெட்டுவேன்" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

ரப்பரில் செய்த பாதம்

மறுநாள் தாயுடன் வந்த மாணவி இரண்டு விருப்பங்களைச் சொன்னாள். பாவாடை மற்றப் பிள்ளைகளின் அளவுக்கே இருக்கவேண்டும். இரண்டு காலிலும் கொலுசு போடவேண்டும்.

செயற்கைக் காலுக்குக் கொலுசு எப்படி நிற்கும் என்று தேடப்போய்த்தான் ஜெய்ப்பூர்க் காலின் வரலாற்றைப் படித்தேன். சுதா சந்திரன் அணிந்து ஆடியது அந்தக் காலைத்தான். 1968-இல், ராம் சந்திர சர்மா என்ற சிற்பக் கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து ஜெய்ப்பூரில் உருவாக்கியது. அதற்கு முன் இந்தியாவில் கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துக்குள் நுழைத்து மறைக்கவேண்டியவை. சப்பாத்து போடாத நாட்டில், வெறுங்காலோடு கோயிலுக்குப் போகவேண்டிய, சேற்றில் நாற்று நடவேண்டிய, தரையில் சம்மணமிட்டு உண்ணவேண்டிய மக்களுக்கு அவை பயன்படவில்லை. எனவே இவர்கள் வெறும் பாதம் போலவே தோன்றும், நனைந்தாலும் கெடாத, வளைந்து கொடுக்கும் ஒரு பாதத்தைச் செய்தார்கள். எதைக் கொண்டு? ரப்பரைக் கொண்டு!

இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தலைமுறை தலைமுறையாக நம் பெற்றோர் விடியற்காலைப் பனியில் கோடு வெட்டி, மங்கில் வடித்த பாலின் மகள்தான் அந்தப் பாதமும். கார் டயருக்கும் கையுறைக்கும் மட்டுந்தான் நம் உழைப்பு போயிற்று என்று நினைத்திருந்தேன்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சப்பாத்துக்குள் மறைக்கும் காலுக்கும், வெறும் பாதமாக வெளியே வரும் காலுக்கும் இடையிலான வேறுபாடு மருத்துவத்தில் மட்டும் இல்லை. ஒரு பெண் எதை உடுத்தலாம், எங்கே உட்காரலாம், யார் முன் போகலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. உடை என்பது பகட்டு அன்று. வீட்டிலிருந்து வெளியே வைக்கும் முதல் அடி.

தமிழ்ப் பெண்ணான மாளவிகா ஐயரின் வாழ்க்கை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கும்பகோணத்தில் பிறந்து இராஜஸ்தானின் பிகானேரில் வளர்ந்தவர். 2002 மே மாதம், அவருக்கு வயது பதின்மூன்று. தம்முடைய விருப்பமான ஜீன்சின் பை கிழிந்திருக்கிறது. பசை தடவி ஒட்டி, மேலே தட்டுவதற்குக் கனமான ஒரு பொருளைத் தேடுகிறார். அண்மையில் இருந்த ஆயுதக் கிடங்கில் முன்பு தீப்பற்றியபோது சிதறிக் கிடந்தவற்றுள் ஒன்றுதான் அவர் கையில் அகப்பட்டது. வெடிகுண்டு என்று அவருக்குத் தெரியாது. இரண்டு கைகளும் போயின; கால்களும் கடுமையாகச் சிதைந்தன.

பின்னர், எழுதுபவர் ஒருவரின் துணையுடன் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி 500-க்கு 483 மதிப்பெண் பெற்றார். சென்னையில் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். 2018 மகளிர் நாளில் இந்தியக் குடியரசுத் தலைவரிடமிருந்து நாரி சக்தி விருதையும் வாங்கினார். ஆனால், இவற்றைக் காட்டிலும் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. தம் குறையை ஆடைக்குள் மறைத்துக்கொண்டே பல ஆண்டுகள் வாழ்ந்ததாக அவரே பேசியிருக்கிறார். விபத்து நடந்து பத்தாண்டுகள் நிறைந்த 2012-இல்தான் தம் கதையை வெளிப்படையாக எழுதினார். அதன்பின், சென்னை எபிலிட்டி ஃபவுண்டேஷன் அமைப்பும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமும் மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற உடைகளுக்காக நடத்திய காட்சியில் ஒப்பனை நடைமேடையில் நடந்தார். கிழிந்த ஜீன்சைச் சரிசெய்ய முனைந்த சிறுமி, பிற்காலத்தில் உடைக்காகவே மேடையேறினாள் என்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால்... எல்லாரும் மயூரி ஆகவேண்டுமா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால், "முயன்றால் முடியாதது இல்லை" என்று நான் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுக்கும் உரைகளுள் ஒன்றாக இதுவும் ஆகியிருக்கும். பாட்டியின் கேள்வி என்னை விடவில்லை. "நீ என்னத்தக் காட்டுன?"

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்ற எழுத்தாளர் இருந்தார். நகைச்சுவை மேடைக் கலைஞரும்கூட. சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014-இல் சிட்னியில் அவர் ஆற்றிய உரை உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் அவர் மறைந்தார். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, ஊரார் ஒருவர் வந்து அவருக்குச் சாதனை விருது தரப் பரிந்துரைக்க விரும்புவதாகப் பெற்றோரிடம் சொன்னாராம். மகள் சாதனை என்று சொல்லும்படி எதுவும் செய்துவிடவில்லையே என்று பெற்றோர் பதில் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எதற்கு விருது? பிறருக்கு ஊக்கம் தரும் காட்சிப்பொருளாக இருப்பது மாற்றுத்திறனாளிகளின் கடமை அன்று என்பதே அவ்வுரையின் கருத்து.

படித்து முடித்ததும் சின்னம்மாவின் மயில்கழுத்துப் பட்டு என் கண்முன் வந்து நின்றது. தோட்டத்தில் வேறு எந்தப் பெண்ணிடமும் யாரும் "நீ என்ன சாதித்தாய்" என்று கேட்டுவிட்டுப் பட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. தீபாவளி வந்தது, கொடுத்தார்கள். அவ்வளவுதான். சின்னம்மாவுக்கு மட்டும் அழகாக உடுத்த ஒரு தகுதித் தேர்வு வைத்தோம். தேர்வுத்தாளில் இருந்த ஒரே கேள்வி பரதநாட்டியம்!

சாதனையாளர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அவர்களுக்கேகூட அந்தத் தேர்வு முடிந்துவிடவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் பெரிய பொட்டும் காதணியும் பட்டுச் சேலையுமாகக் கோலோச்சிய அதே சுதா சந்திரன், 2021 அக்டோபரில் ஒரு காணொளி வெளியிட்டார். ஒவ்வொரு முறை விமான நிலையம் போகும்போதும் பாதுகாப்புச் சோதனைக்காகச் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்களே என்று மனம் நொந்து பேசினார். பாதுகாப்புப் படையினர் வருத்தம் தெரிவித்தனர். மீண்டும் மேடையேறி முப்பத்தேழு ஆண்டுகள் கழித்தும் அந்த நிலை. அப்படியானால் ஆடத் தெரியாத, தேர்வில் முதலிடம் வாங்காத, நம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிலை என்ன?

நான்கு படிகள்

விழா நாளுக்கு வருகிறேன். சின்னம்மா பாவாடையைக் கெண்டைக்கால் அளவுக்கே தைத்திருந்தார். செயற்கைக் காலின் குழாய் மெலிந்திருந்ததால் கொலுசு வழுக்கிப் பாதத்தில் விழுந்தது. அதற்கு ஒரு சிவப்பு வெல்வெட் பட்டை தைத்துக் கணுக்காலில் ஒட்டிவிட்டு, அதன்மேல் கொலுசைப் பூட்டினார். ஒலிவாங்கியை மேடையின் நடுவுக்கு மாற்றினேன்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். மேடைக்கு நான்கு படிகள் இருப்பதை மறந்துபோனேன். கைப்பிடி கிடையாது. தினமும் நான் ஏறி இறங்கும் படிகள்தாம். ஒருநாளும் அவை என் கண்ணில் பட்டதில்லை. அவளுடைய தந்தை ஓடிவந்து தூக்கி விட்டார். கூட்டத்தில் சிலர் "பாவம்" என்றார்கள். அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, ஒலிவாங்கிக்கு நடந்து போய், "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். அதன்பின் ஒரு மணி நேரம் பிழையின்றி அறிவித்தாள். யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. கோலாட்டத்துக்குத்தான் நிறையக் கைதட்டல். அவள் மற்றப் பிள்ளைகளுள் ஒருத்தியாக இருந்தாள். அதைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

1997-இல் பார்பி நிறுவனத்தார் சக்கர நாற்காலியில் அமர்ந்த பெக்கி என்ற பொம்மையை வெளியிட்டனர். பாராட்டுகள் குவிந்தன. வாங்கிப் பார்த்தவர்கள் பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பார்பியின் கனவு வீட்டு மின்தூக்கிக்குள் பெக்கியின் நாற்காலி நுழையவில்லை! பச்சைப் பாவாடை தைத்துவிட்டுப் படிகளை மறந்த நானும் அதே வேலையைத்தான் செய்திருந்தேன்.

நன்னம்பிக்கை என்பது மனத்துக்குள் மட்டும் ஊறும் ஒன்று என்று நாம் சொல்லிவிடுகிறோம். கைப்பிடி இல்லாத படியில் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் கால் வழுக்கும். அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது. நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று அது சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010-இல் உறுதிப்படுத்தியது. அவ்வுடன்படிக்கையின் 6-ஆவது பிரிவு பெண்களுக்காகவே எழுதப்பட்டது; பெண் என்பதாலும் குறையுடையவர் என்பதாலும் அவர்கள் இருமுறை ஒதுக்கப்படுகிறார்கள் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. 2013-இல் சக்கர நாற்காலியில் நாடாளுமன்ற மேலவைக்குச் சென்ற பத்மாவதி கிருஷ்ணன், மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்ட நம் இனப் பெண்மணி. நம் தமிழ்ப்பள்ளிப் பாடங்களில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

விழா முடிந்த மறுவாரம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடிதத்தின் கீழ் அந்த மாணவியும் கையெழுத்திட்டாள். அடுத்த ஆண்டு படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளமும் கைப்பிடியும் வந்தன. தச்சு வேலை தெரிந்த ஒரு தந்தை இலவசமாகச் செய்து கொடுத்தார். முதலில் அதை அதிகம் பயன்படுத்தியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பாட்டிமார்கள்தாம்.

சின்னம்மா சொன்ன தையல் குறிப்புகள்

பெற்றோருக்கும் தையற்காரர்களுக்கும் பயன்படும் என்று சின்னம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டவை இவை.

கக்கக்கோல் ஊன்றி நடப்பவர்களின் சட்டை அக்குளில்தான் முதலில் கிழியும். தைக்கும்போதே அங்கே ஒரு சதுரத் துணி கூடுதலாக வைத்துத் தைத்தால் கை தூக்கும்போது இழுக்காது.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு நின்றபடி அளவெடுக்கக் கூடாது, உட்கார்ந்தபடி எடுக்கவேண்டும். சட்டையின் முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருக்கட்டும். துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. முந்தானையைக் குட்டையாக மடித்துத் தோளில் தைத்துவிடலாம். கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்த சேலையை உட்கார்ந்தபடியே சுற்றிக்கொள்ளலாம்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் பின்பக்கத்தில் பையோ, தடித்த தையலோ, உலோகப் பொத்தானோ வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு வலி தெரியாது; அழுத்திய இடம் புண்ணாகிவிடும்.

கைகளுக்கு வலுவில்லாதவர்களுக்குக் கொக்கியை முதுகில் வைக்காதீர்கள். முன்பக்கம் வைத்து, கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வையுங்கள். மேலே அழகுக்குப் பொத்தான் தைத்துக்கொள்ளலாம்.

காலில் இரும்புச் சட்டமோ செயற்கைக் காலோ அணிபவர்களின் சிலுவாருக்குப் பக்கத் தையலில் நீண்ட சிப் வைத்தால் கழற்றிப் போடுவது எளிது. செயற்கைக் கால் குறிப்பிட்ட குதி உயரத்துக்கென்று அமைக்கப்படுவதால், காலணியின் குதியை மாற்றும் முன் கால் பொருத்தியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்னம்மா சொன்னது: "நிறத்த அவங்களே எடுக்கட்டும்."

என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஓ.கே.யூ. அட்டை எடுக்காமல் இருந்தால், சமூகநலத் துறையில் பதிந்து விடுங்கள். "என் பிள்ளையை அப்படிப் பதிய மனம் வரவில்லை" என்று சொல்லும் பெற்றோரை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அதுவும் ஒரு நீளப் பாவாடைதான். அட்டை பிள்ளையைச் சிறுமைப்படுத்தாது. உதவி கேட்கும் உரிமையைத்தான் தரும்.

முடிக்கும் முன்

அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். வளர வளரச் செயற்கைக் காலை மாற்றவேண்டியிருக்கிறது. அந்தச் செலவும் அலைச்சலும் குடும்பத்துக்குச் சுமைதான். அதை மறைத்து இனிப்பாக முடிக்க எனக்கு விருப்பமில்லை. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வளர்ந்த காலுக்கு ஏற்றபடி பெரிய கொலுசு. நடந்து வரும்போது இரண்டு காலிலிருந்தும் ஒரே ஓசை.

சின்னம்மாவைப் பற்றியும் கேட்பீர்கள். என் மூத்த மகனின் திருமணத்துக்கு முன், அவரைத் தம்பின் பட்டணத்துத் துணிக்கடைக்கு அழைத்துப் போனேன். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டை எடுத்து அவர்முன் விரித்தேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப இந்தக் கலர் எனக்குப் புடிக்கல பாப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டுக்கு மேல் தாமதித்துவிட்டு, பழைய ஆசையை அப்படியே எடுத்துக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று நினைத்தேன் போலும். பிறகு அவரே தேடி, குங்குமச் சிவப்பில் அகலச் சரிகை போட்ட ஒன்றை எடுத்தார். திருமண மண்டபத்தில் அதைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் அமர்ந்திருந்தார். சமையற்கட்டுப் பக்கம் போகவேயில்லை.

பாட்டி இன்று இருந்திருந்தால் "என்னத்தக் காட்டுன" என்று கேட்டிருப்பாரா? தெரியாது. கேட்டிருந்தாலும் பரவாயில்லை. எதையும் காட்டவேண்டிய தேவையில்லாமல் ஒரு பெண் பட்டு உடுத்தலாம் என்று பாட்டிக்குச் சொல்ல, இப்போது எங்கள் வீட்டில் ஆளிருக்கிறது.

உங்கள் வகுப்பிலும் உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவருக்கு நீளப் பாவாடை தைத்து வைத்திருக்கிறோமா என்று எண்ணிப் பாருங்கள் அன்பர்களே. இருந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
தம்பினிலிருந்து ஒரு தமிழாசிரியை